பாடத்தைக் குலைக்கும் பிள்ளை: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

வகுப்பில் அடங்காத பிள்ளைகளைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். "என்ன தண்டனை கொடுக்கலாம்?" என்றுதான் பல கடிதங்கள் முடிகின்றன. எங்கள் பதில்களோ தண்டனைக்கு முந்தைய சில நிமிடங்களைப் பற்றியே அதிகம் பேசும். கலாட்டா தொடங்குவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, தொடங்கிய பின் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்ற இரண்டும் தெரியாமல் எதைச் செய்தாலும் அது குத்துமதிப்புதான்.

கேள்வி: என் நான்காம் வகுப்பில் 38 பிள்ளைகள். ஒரு பையன் மட்டும் ஓர் இடத்தில் இருப்புக்கொள்ள மாட்டான். எழுந்து நடப்பான், பக்கத்தில் இருப்பவளின் பென்சிலைப் பிடுங்குவான், திடீரென்று சத்தம் போடுவான். "உட்காரு" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை போகிறது. கண்டித்தால் இரண்டு நிமிடம் அடங்குகிறான், பிறகு பழைய கதைதான். என்ன செய்வது?

பதில்: அந்த "உட்காரு"விலிருந்தே தொடங்குவோம். 1968-இல் அமெரிக்காவில் சார்லஸ் மேட்சன், வெஸ்லி பெக்கர் ஆகியோரும் அவர்களுடன் பணிபுரிந்தவர்களும் ஒரு முதல் வகுப்பில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஆசிரியர்கள் "உட்காரு" என்று சொல்வதை அதிகமாக்கியபோது எழுந்து நிற்கும் பிள்ளைகளும் அதிகமானார்கள். உட்கார்ந்து வேலை செய்பவர்களைப் பாராட்டத் தொடங்கியதும் எழுவது குறைந்தது. சொன்ன மாத்திரத்தில் பிள்ளை உட்கார்ந்துவிடுவதால் சொன்னது பலித்தது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் எழுந்தால் ஆசிரியர் தன்னைப் பார்ப்பார், தன் பெயரைச் சொல்வார் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

உங்கள் பையன் விஷயத்திலும் இதுவேதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் ஐந்து வேலை நாள் குறிப்பு எழுதுங்கள். ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டால் போதும்: நேரம், அதற்கு முன் நடந்தது, அவன் செய்தது, அதற்குப் பின் நடந்தது. "திமிராக நடந்தான்", "வேண்டுமென்றே செய்தான்" போன்ற தீர்ப்புகள் அதில் வரக்கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ஒரு குறிப்பு இப்படி இருக்கலாம்: "10.20. கரும்பலகையில் உள்ள எட்டு வகுத்தல் கணக்குகளைப் போடச் சொன்னேன். மூன்றாவது நிமிடம் எழுந்து ஜன்னலுக்குப் போனான். பெயர் சொல்லி அதட்டினேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். வெளியே நிற்கச் சொன்னேன். மணி அடிக்கும்வரை வெளியே நின்றான்."

இந்த ஐந்தாறு வரியில் அவனுக்கு இரண்டு லாபம் இருக்கிறது. வகுப்பு சிரித்தது, கணக்கும் போடாமல் தப்பித்தது. ஐந்து நாளில் கலாட்டா பெரும்பாலும் கணக்கு நேரத்தில்தான் நடந்திருக்கிறது என்று தெரிந்தால், வெளியே நிற்க வைத்தது தண்டனையே அல்ல, அவன் கேட்டதைக் கொடுத்ததுதான். வகுப்பை விட்டு அனுப்புவது பல பிள்ளைகளிடம் பலிக்காமல் போவதற்கு இதுதான் முதல் காரணம்.

குறிப்புகளைப் படித்தால் பொதுவாக நான்கு காரணங்களில் ஒன்று புலப்படும். கவனம் வேண்டும், வேலையிலிருந்து தப்ப வேண்டும், ஒரு பொருளோ வாய்ப்போ வேண்டும், அல்லது உடம்பு அசைய வேண்டும். வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

கவனம்தான் காரணம் என்றால், அதைக் குறைக்காதீர்கள், கொடுக்கும் நேரத்தை மாற்றுங்கள். அவன் எழுவதற்கு முன்பே போய்விட வேண்டும். குறிப்பின்படி அவன் சுமார் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை எழுகிறான் என்றால், நீங்கள் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அவன் பக்கம் போங்கள். நீண்ட பேச்சு வேண்டாம். "மூணாவது கணக்கு வரைக்கும் வந்துட்டியே" என்ற ஒரு வரி, அல்லது மேசையை விரலால் தொட்டு ஒரு தலையசைப்பு போதும். "குட் பாய்" என்பதைவிட அவன் செய்ததைச் சொல்லும் வரிக்கு வலு அதிகம், எதற்குப் பாராட்டு என்பது அதில் தெரிந்துவிடுகிறது. கால் ஆட்டுவது, முணுமுணுப்பது, பென்சிலை உருட்டுவது போன்ற சில்லறைத் தொல்லைகளைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள். அடிப்பது, கேலி செய்வது, ஆபத்தானதைச் செய்வது ஆகியவற்றை ஒருபோதும் விடக்கூடாது.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கிய முதல் சில நாள் தொல்லை கூடும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது பிள்ளை இன்னும் உரக்கக் கேட்டுப் பார்க்கிறது. மூன்றாம் நாள் பொறுமை இழந்து கத்தினால், இவ்வளவு சத்தம் போட்டால்தான் ஆசிரியர் திரும்புவார் என்பது அவனுக்குப் பாடமாகிவிடும். பழைய நிலையைவிட அது மோசம். ஒரு வாரம் தாங்க முடியுமா என்று யோசித்துவிட்டுத் தொடங்குங்கள். முடியாது என்றால் கண்டுகொள்ளாமல் விடும் முறையைத் தொடாமல், பாராட்டுவதை மட்டும் செய்யுங்கள்.

தப்பிப்பதுதான் நோக்கம் என்றால், அந்த வேலை அவனால் முடிகிறதா என்று பாருங்கள். தனியாக அழைத்துப் பாடத்திலிருந்து நூறு சொல் உள்ள ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். பத்துச் சொல்லுக்கு மேல் தடுமாறினால் அவன் துணையில்லாமல் வாசிக்கக்கூடிய பாடம் அல்ல அது. கணக்கு என்றால் முந்தைய வகுப்புக் கணக்கில் ஐந்து கொடுத்துப் பாருங்கள். எங்கே நிற்கிறான் என்பது தெரிந்துவிடும். பிறகு எட்டுக் கணக்கு உள்ள தாளை இரண்டாக மடித்துக் கொடுங்கள். நான்கு முடிந்ததும் உங்களிடம் காட்டட்டும், மீதி பிறகு. மேசையில் ஒரு சிவப்பு அட்டையும் வைக்கலாம். புரியவில்லை என்றால் எழாமல், கத்தாமல் அட்டையைத் திருப்பி வைக்க வேண்டும். ஆனால் அட்டை திரும்பியதும் ஒரு நிமிடத்துக்குள் நீங்கள் அங்கே போகாவிட்டால் அந்த ஏற்பாடு இரண்டே நாளில் செத்துவிடும்.

உடம்பு அசையக் கேட்கிற பிள்ளைக்கு அசைய வேலை கொடுங்கள். நோட்டுகளை விநியோகிப்பது, பலகை அழிப்பது, கடைசி வரிசையில் ஒரு மேசையருகே நின்றபடி எழுத அனுமதிப்பது எல்லாம் நியாயமான ஏற்பாடுகள்தான். பென்சில் பறிப்பவனுக்குக் கேட்டு வாங்கும் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்து, அவன் கேட்கும்போது கிடைக்கவும் செய்ய வேண்டும்.

இடம் மாற்றுவதானால் நீங்கள் அடிக்கடி நடக்கும் வழியோரம், கதவுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி, நிதானமான இருவருக்கு நடுவில் வையுங்கள். மூலையில் தனி மேசை வேண்டாம். அங்கே உட்கார்ந்தவனை வகுப்பு முழுவதும் திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

மூன்று, நான்கு வாரம் கழித்து மறுபடி இரண்டு நாள் எண்ணிப் பாருங்கள். நாளுக்கு இருபது முறை எழுந்தவன் பன்னிரண்டுக்கு வந்திருந்தால் போகிற வழி சரி. ஒரே வாரத்தில் பூஜ்யத்தை எதிர்பார்த்தால் சரியான வழியையும் பாதியில் கைவிட்டுவிடுவோம்.

கேள்வி: ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். ஒருவர் இருவர் அல்ல, மொத்த வகுப்பும் சந்தைக்கடை. நான் உள்ளே போய் அமைதி வர பத்து நிமிடம் ஆகிறது. அடுத்த அறையில் இருக்கும் ஆசிரியர் பாடம் எடுக்கும்போது அதே பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்கள். அவர் கடுமையானவர்கூட இல்லை.

பதில்: ஜேகப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து இதே கேள்வியைத்தான் ஆராய்ந்தார். அவர் 1970-இல் வெளியிட்ட முடிவு பலருக்கும் வியப்பாக இருந்தது. கலாட்டா நடந்தபிறகு அதட்டுவதில் நல்ல ஆசிரியருக்கும் திணறும் ஆசிரியருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கலாட்டா வராமலிருக்க முன்கூட்டியே செய்வதில்தான் வேறுபாடு. முதுகிலும் கண் இருப்பதுபோல் நடந்துகொள்வது, ஒரே நேரத்தில் இரண்டைக் கவனிப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு இடைவெளி விழாமல் நகர்வது ஆகியவைதான் அவர் கண்ட திறமைகள். அடுத்த அறை ஆசிரியரிடம் இவை இருக்கக்கூடும். ஒரு நாள் அனுமதி கேட்டு, அவர் வகுப்பின் முதல் பத்து நிமிடம் மட்டும் பின்னால் உட்கார்ந்து பாருங்கள்.

சத்தம் எழுவது பெரும்பாலும் பாடத்தின் நடுவில் அல்ல, இடைவெளிகளில். நீங்கள் வருகைப் பதிவு எடுக்கும்போது, நோட்டு கொடுக்கும்போது, ஒருவனுக்குத் தனியாக விளக்கும்போது, முடித்தவர்கள் சும்மா இருக்கும்போது. அந்த ஓட்டைகளை அடைத்தாலே பாதிச் சத்தம் போய்விடும்.

மணி அடிப்பதற்கு முன்பே வாசலில் நில்லுங்கள். உள்ளே வருபவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, "பலகையில இருக்கறத ஆரம்பி" என்று அனுப்புங்கள். பலகையில் மூன்று சிறு கேள்விகள் இருக்கட்டும். உங்களிடம் எதுவும் கேட்காமல் தானாகச் செய்யக்கூடியதாக, ஐந்து நிமிடத்தில் முடிவதாக இருக்க வேண்டும். வருகைப் பதிவை அந்த ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். கேள்விகள் கடினமானால் சந்தேகம் கேட்க எழுவார்கள், சத்தம் திரும்ப வந்துவிடும்.

அமைதிக்கு ஓர் அடையாளம் வையுங்கள். கை உயர்த்துவது, இரண்டு முறை தட்டுவது, எதுவானாலும் சரி, ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்தால் போதாது, பயிற்சி கொடுக்க வேண்டும். பேச விட்டு, அடையாளம் காட்டி, எத்தனை நொடியில் அடங்கினார்கள் என்று சொல்லி, மறுபடி செய்ய வையுங்கள். முதல் வாரம் தினமும் இரண்டு முறை போதும். அடையாளம் காட்டிய பிறகு சத்தத்துக்கு மேல் பேசவே கூடாது. பேசினால் இன்னும் அமைதி தேவையில்லை என்று நீங்களே அனுமதி கொடுத்ததாகிவிடும். நின்று, காத்திருந்து, முதலில் அடங்கிய வரிசையைச் சொல்லுங்கள்: "ஜன்னலோர வரிசை தயார்."

கட்டளையிலும் ஒரு நுட்பம் உண்டு. "எல்லாரும் ஒழுங்கா இருங்க" என்பதில் செய்ய ஒன்றுமில்லை. "பேனாவைக் கீழே வையுங்க. 42-ஆம் பக்கம். கண் பலகையில" என்று சொன்னால் மூன்று செயல் இருக்கிறது, செய்தானா இல்லையா என்பதும் கண்ணுக்குத் தெரியும். நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கட்டளை சொல்லாதீர்கள். சொல்லி முடித்து, ஒருவரைத் திருப்பிச் சொல்ல வைத்து, பிறகு கொடுங்கள்.

கேள்வி கேட்டதும் பெயரைச் சொல்லும் பழக்கத்தையும் மாற்றிப் பாருங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் செய்த ஆய்வுகளில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாகக் காத்திருந்த நேரம் ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். கேள்வி, மூன்று நொடி, பிறகு பெயர் என்று வைத்துக்கொண்டால் யார் பெயர் வரும் என்று தெரியாததால் எல்லாரும் யோசிப்பார்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற எல்லாருக்கும் விடுமுறை.

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். போனை உள்ளே வை என்று சொன்னால் "முடியாது சார், என்ன பண்ணுவீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறான். விட்டுக்கொடுத்தால் மரியாதை போகிறது. விடாப்பிடியாக நின்றால் சண்டையாகிறது.

பதில்: பதினைந்து வயதுப் பையனை முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மடக்கினால் அவனால் பணிய முடியாது. பணிந்தால் அவனுடைய மானம் போகிறது. உங்களுக்கும் அதே நிலைதான். ஆகவே முதல் வேலை பார்வையாளர்களை இல்லாமல் ஆக்குவது.

அறையின் மறுமுனையிலிருந்து பெயர் சொல்லி அழைக்காதீர்கள். மற்றவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு அவன் பக்கம் நடந்து போங்கள். நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில், ஒரு கை தூரத்துக்குச் சற்று அதிகமாக விட்டு நில்லுங்கள். அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லுங்கள்: "போனைப் பையில வெச்சிடு, இல்ல என் மேசையில வெச்சிடு. எதுன்னாலும் சரி." சொன்னவுடன் திரும்பி நடந்து அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள். பத்து நொடி கொடுங்கள். அவன் மெதுவாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு, முணுமுணுத்தபடி உள்ளே வைப்பான். அந்த முணுமுணுப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். கேட்டது போனை உள்ளே வைக்கச் சொல்லித்தான், அது நடந்துவிட்டது. "என்னடா முணுமுணுக்கற?" என்று கேட்ட நொடியில் முடிந்த சண்டை மறுபடி தொடங்குகிறது.

மெதுவான குரலுக்குச் சான்றும் இருக்கிறது. டேனியல் ஓ'லியரியும் உடன் பணியாற்றியவர்களும் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி கண்டித்தபோது தொல்லை குறைந்தது, எல்லாருக்கும் கேட்கும்படி கண்டித்த முறைக்குத் திரும்பியதும் மறுபடி கூடியது.

அப்போதும் வைக்கவில்லை என்றால் மூன்றாவது முறை சொல்லாதீர்கள். "சரி, இதை மணி அடிச்சதும் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். இது விட்டுக்கொடுப்பது அல்ல. அன்றைக்கே அந்தப் பேச்சு நடந்துவிட்டால், உடனே கத்தாவிட்டாலும் இவர் விட மாட்டார் என்பதை வகுப்பு ஓரிரு வாரத்தில் புரிந்துகொள்ளும். பேச்சு நடக்காமல் மறந்துபோனால்தான் மரியாதை போகும். போனைக் கையிலிருந்து பிடுங்குவது மட்டும் கூடவே கூடாது. அங்கிருந்துதான் தள்ளுமுள்ளு தொடங்குகிறது.

மணி அடித்தபின் நடக்கும் பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். முதல் வாக்கியம் நடந்ததைச் சொல்ல வேண்டும், அவனை அல்ல: "போனை உள்ள வைக்கச் சொன்னேன், முடியாதுன்னு சொன்ன." இரண்டாவதாக, "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு உண்மையாகவே காத்திருங்கள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, செய்திக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சில நேரம் வரும். மூன்றாவதாக, நாளைக்கு என்ன செய்யலாம் என்று அவனையே சொல்ல வையுங்கள். அப்படி ஒரு செய்தி வர வேண்டியிருந்தால் வகுப்புக்கு முன்பே உங்களிடம் சொல்வது என்று முடிவாகலாம். பள்ளி விதிப்படி உள்ள விளைவை அமைதியாகச் சொல்லி முடியுங்கள். "எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேள்" என்று வற்புறுத்தாதீர்கள், மேடையைத் திருப்பிக் கொடுப்பதாகும். மறுநாள் காலை அவன் உள்ளே வரும்போது முதல் வணக்கம் உங்களிடமிருந்து வரட்டும்.

கேள்வி: இரண்டு அடி போட்டால்தான் அடங்குவார்கள் என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். அடிக்க மனம் வரவில்லை. ஆனால் வேறு என்ன தண்டனை?

பதில்: உங்கள் மனம் சொல்வது சரி. அடித்ததும் அந்த நொடியில் கலாட்டா நிற்கிறது, அதனால் அடித்தவருக்கு அது பலித்ததுபோல் தோன்றி மறுபடி கை ஓங்குகிறது. பிள்ளை கற்றுக்கொள்வது என்னவோ பிடிபடாமல் செய்யவும், பொய் சொல்லவும், தன்னைவிடச் சிறியவனை அதே முறையில் அடக்கவும்தான். என்ன செய்ய வேண்டும் என்பதை அடி சொல்லித்தருவதில்லை. பல நாடுகளில் இது சட்டப்படி குற்றமும்கூட. முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, பட்டப்பெயர் வைப்பது எல்லாம் அடியின் வேறு வடிவங்களே.

விளைவு சிறியதாக, தப்பாமல் வருவதாக, அன்றைக்கே முடிவதாக, செய்ததோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். மேசையில் கிறுக்கியவன் துடைக்கிறான். பாட நேரத்தை வீணாக்கியவன் இடைவேளையில் மூன்று நிமிடம் இருந்து விட்ட வேலையைத் தொடங்கிவிட்டுப் போகிறான். முழு இடைவேளையையும் பறிக்காதீர்கள், ஓடியாட வேண்டியவனை உட்கார வைத்தால் அடுத்த பாடவேளைதான் பாழாகும். நூறு முறை எழுத வைக்கும் இம்போசிஷனும் வேண்டாம், எழுதுவதே தண்டனை என்று பதிந்துவிடும். ஒருவனுக்காக மொத்த வகுப்பையும் தண்டித்தால், ஒன்றும் செய்யாத முப்பது பேருக்கும் உங்கள்மேல் நியாயமான கோபம் வரும்.

கேள்வி: நட்சத்திரம், பரிசு என்று வைத்தால் நான்கு நாள் வேலை செய்கிறது, பிறகு யாரும் சட்டை செய்வதில்லை. ஏன்?

பதில்: பரிசு தூரத்தில் இருப்பதும், முதல் நாளே நட்சத்திரம் இழந்தவனுக்கு அடக்கமாக இருக்கக் காரணம் இல்லாமல் போவதும்தான். கொடுத்த நட்சத்திரத்தைத் திரும்ப எடுப்பதைக் கைவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு மாத இறுதிப் பரிசு என்பது இல்லாத பரிசு.

தனிப் பரிசைவிடக் குழு விளையாட்டு நிலைத்து நிற்கும். 1969-இல் பேரிஷ், சாண்டர்ஸ், வுல்ஃப் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஒரு நான்காம் வகுப்பில் செய்துகாட்டிய முறை இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரிக்கிறோம். அனுமதியின்றி எழுவது, குறுக்கே பேசுவது என இரண்டு மூன்று விதிகள். விதி மீறினால் அந்த அணிக்கு ஒரு புள்ளி, பெயர் சொல்லாமல், திட்டாமல். குறைந்த புள்ளி உள்ள அணி வெல்கிறது. நான்கு புள்ளிக்குள் என்பதுபோல் ஓர் எல்லைக்குள் நின்றால் இரண்டு அணியுமே வெல்லலாம், அதுதான் இதில் முக்கியம். முதல் வாரம் பத்து நிமிடம் மட்டும் ஆடி, மெல்ல நீட்டுங்கள். பரிசு காசு செலவாகாததாக இருக்கட்டும்: ஐந்து நிமிடம் முன்பே விளையாடப் போவது, ஒரு கதை, விரும்பிய இடத்தில் உட்காருவது. அணியைத் தோற்கடிப்பதையே விளையாட்டாக்கும் ஒரு பிள்ளை வரலாம். அவனைச் சில நாள் தனி அணியாக்கிவிடுங்கள், மற்றவர்கள் அவன்மேல் பாயாமல் இருப்பார்கள்.

கேள்வி: நான் ஆசிரியர் அல்ல, ஓர் அம்மா. ஆறு வயது மகனைப் பற்றித் தினமும் பள்ளியிலிருந்து புகார். "ஏடிஎச்டி இருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள்" என்கிறார் வகுப்பாசிரியை. வீட்டில் அவன் சாதாரணமாகத்தான் இருக்கிறான். பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, ஏடிஎச்டி என்பது கவனக்குறைவோ அளவுமீறிய துறுதுறுப்போ இருக்கும் ஒரு நிலை, அது ஆசிரியர் வைக்கக்கூடிய பெயர் அல்ல. மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல்படி குறிப்பிட்ட அறிகுறிகளில் குறைந்தது ஆறு அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், வயதுக்கு மீறியதாக இருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் தெரிகிறது என்றால் பள்ளியில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆறு வயதில் வகுப்பிலேயே இளையவனாக இருக்கும் பிள்ளை, பத்து பன்னிரண்டு மாதம் மூத்தவர்களோடு ஒப்பிடப்பட்டு அடங்காதவனாகத் தெரிவதும் உண்டு.

அதற்காக மருத்துவரைத் தவிர்க்க வேண்டாம். காதையும் கண்ணையும் முதலில் சோதித்துவிடுங்கள். சளி பிடித்துக் காதுக்குள் நீர் தேங்கினால் ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் கேட்காது. சொன்னதைச் செய்யாத பிள்ளை என்று பெயர் வந்துவிடும். இரவில் வாய் திறந்து குறட்டை விடுகிறானா, தூக்கம் போதுமா என்பதையும் சொல்லுங்கள். தூக்கம் குறைந்த குழந்தை பெரியவர்களைப்போல் சோர்ந்து உட்காராமல் இன்னும் அதிகமாகக் குதிக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து நொடி போல் வெறித்துப் பார்த்து, தொட்டாலும் கூப்பிட்டாலும் அசையாமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

பள்ளியோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஒரு சிறு அட்டையில் இரண்டே இரண்டு இலக்குகள், "கையைத் தூக்கிவிட்டுப் பேசினேன்" என்பதுபோல், செய்ய வேண்டியதாக எழுதப்பட்டவை. ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியர் 0, 1, 2 என்று மதிப்பிடுகிறார். காலையில் ஒருவர் அட்டையைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசுகிறார், மாலையில் அவரே சேர்ந்து கூட்டிப் பார்க்கிறார். முதல் வார இலக்கை அவனால் எட்டக்கூடியதாக வையுங்கள், பாதி மதிப்பெண் போதும். வீட்டுக்கு வந்த அட்டையைப் பார்த்து நீங்கள் திட்டினால் அட்டை வழியிலேயே தொலையத் தொடங்கும். நல்ல எண்ணைப் பற்றிப் பேசுங்கள், குறைந்த எண்ணுக்கு "நாளைக்குப் பார்ப்போம்" போதும்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. புகாருக்காக மட்டும் பெற்றோரை அழைக்காதீர்கள். முதல் அழைப்பு நல்ல செய்தியோடு போயிருந்தால் இரண்டாவது அழைப்பில் அவர்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

கேள்வி: கோபம் வந்தால் நாற்காலியைத் தூக்கி எறிகிற ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி. மற்றப் பிள்ளைகளுக்கு அடிபடும் என்று பயம்.

பதில்: எறியத் தொடங்கியபிறகு புத்தி சொல்வதில் பயனில்லை, அப்போது எதுவும் காதில் ஏறாது. அவளைப் பிடித்து இழுக்காமல் மற்றப் பிள்ளைகளை வெளியேற்றுங்கள். யார் முன்னே போவது, எங்கே போவது, பக்கத்து ஆசிரியருக்குச் சொல்ல யார் ஓடுவது என்பதை அமைதியான ஒரு நாளில் பழக்கியிருக்க வேண்டும். நீங்கள் கதவருகே, அவளுக்கு வழி அடைபடாமல் நின்று, குறைந்த சொற்களில் பேசுங்கள்: "நான் இங்கதான் இருக்கேன். நீ பத்திரமா இருக்க." உடனடி ஆபத்து இருந்தாலன்றித் தொடாதீர்கள். அடங்கியதுபோல் தெரிந்தபின்னும் இருபது நிமிடமாவது கேள்வி கேட்காமல் விடுங்கள். சீக்கிரம் விசாரித்தால் இரண்டாவது முறை வெடிக்கும்.

கோபம் ஏறுவதற்கு முன் அவளிடம் ஏதோ ஓர் அடையாளம் இருக்கும். காது சிவக்கும், பென்சிலை அழுத்திக் கிழிப்பாள், தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். அதைக் கண்டுபிடித்தீர்கள் என்றால் அந்த நேரத்திலேயே ஒரு கடிதத்தைக் கொடுத்து அலுவலகத்துக்கு அனுப்பலாம், தண்ணீர் குடிக்க அனுப்பலாம்.

இதுவரை இப்படி இல்லாத பிள்ளை திடீரென்று மாறியிருந்தால், யாராவது தொட வரும்போது ஒடுங்கினால், வீட்டுக்குப் போக மறுத்தால், அவளுக்கு யாரோ தீங்கு செய்கிறார்களா என்று யோசித்தாக வேண்டும். அவள் ஏதாவது சொன்னால் குறுக்கே கேள்வி கேட்காமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவள் சொன்ன சொற்களையே அன்றைக்கே நேரத்தோடு எழுதி, பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு முதலில் தொலைபேசி செய்யாதீர்கள். தீங்கு வீட்டிலிருந்தே வருகிறது என்றால் அந்த அழைப்பு அவளுக்கு ஆபத்தாகலாம்.